பழைய ரேடியோவிலிருந்து வால்வு கிற்றார் அம்ப்: வன்னியில் முதன்முறை செய்பவர்களுக்கு

கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் அம்ப், அதுவும் வெற்றிடக் கண்ணாடி வால்வில் ஓடும் அம்ப் ஒன்று வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இங்கே முதலில் கிடைக்கும் பதில் விலைதான். புதிதாக இறக்குவதென்றால் கப்பல் கூலியும் வரியும் சேர்ந்து கைக்கு எட்டாத தொகையில் போய் நிற்கும். ஆனால் 5 வாற் அம்ப் ஒன்றின் சர்க்கிட் படத்தை விரித்துப் பாருங்கள். 1950களிலும் 60களிலும் இலங்கை வானொலி கேட்க வீடுகளில் வைத்திருந்த வால்வு ரேடியோவின் பின்பாதிதான் அது: மின்சாரப் பகுதி, ஒரு பவர் வால்வு, ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு ட்ரான்ஸ்போமர். அதற்கு முன்னால் கிற்றாருக்கென்று ஒரு சிறிய வால்வைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இடப்பெயர்வுகளில் அந்த ரேடியோக்கள் எத்தனையோ போய்விட்டன. இருந்தாலும் பழைய வீடுகளின் அலுமாரிக்கு மேலேயும், பழைய இரும்பு எடுப்பவர்களிடமும் இன்னும் அகப்படுகின்றன. சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட காலத்தில் திருத்து வேலை பழகிய கைகளும் வன்னியில் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பக்கத்தில் இருந்து இந்த வேலையைத் தொடங்குங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: முழுதாகப் பாடுகிற ரேடியோவை இதற்காக உடைக்காதீர்கள். அதைப் பாட விடுங்கள். பெட்டி உடைந்தது, டயல் போனது, பாகம் தொலைந்தது எத்தனையோ கிடைக்கும்.

வேலை முழுவதற்கும் ஒரே ஒழுங்கு: ஒரு பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் அது இப்போது என்ன செய்கிறது என்று அளந்து, கணக்குப் பார்த்து, கொப்பியில் எழுதுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வால்வு சர்க்கிட்டில் பாகங்கள் குறைவு, ஒவ்வொன்றின் வேலையையும் கையால் கணக்குப் போடலாம். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மாற்றத் தேவையே இல்லை.

உயிர் முதலில்

இந்தப் பெட்டிக்குள் 250 முதல் 350 வோல்ற் வரை நேர்மின்னோட்டம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தங்கி நிற்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்று நினைக்க வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது மின்சாரசபையின் லைனிலிருந்து நிலத்துக்கு ஒழுகும் கரண்ட்டை. ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் இருக்கும் உயர் அழுத்தம் அதன் கண்ணில் படாது. ஒரு கை அந்த அழுத்தத்திலும் மறு கை சேசியிலும் (பாகங்களைப் பூட்டிய உலோகத் தகடு) பட்டால் ட்ரிப் சுவிட்ச் சும்மாதான் இருக்கும். இதை முதலில் மனதில் வையுங்கள்.

அதனால் சில பழக்கங்கள் வேண்டும். கறுப்பு மீற்றர் வயரை முதலை கிளிப்பால் சேசியில் பிடித்துவிட்டு, சிவப்பு வயரை ஒரு கையால் மட்டும் பிடித்து அளவுங்கள். மற்றக் கை பின்னால் இருக்கட்டும். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று வேலை செய்யாதீர்கள், றபர் செருப்பாவது போடுங்கள். சித்திரை வெயிலில் கை வியர்த்து ஒழுகும்போது திறந்த சேசியில் கரண்ட் கொடுக்காதீர்கள், ஈரத் தோலின் தடை வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் தனியாக இருக்கும்போதும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டி வையுங்கள்.

ரெக்ரிபயருக்கு (ஆடலோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் வால்வு) அடுத்து வரும் முதல் பில்டர் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாற் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சோல்டர் பண்ணுங்கள். 47 மைக்ரோபரட் கண்டென்சர் அதன் வழியே ஒரு நிமிடத்தில் 300 வோல்ற்றிலிருந்து ஒன்றிரண்டு வோல்ற்றுக்கு வடிந்துவிடும். ஆனாலும் அதை நம்பிக் கை வைக்க வேண்டாம். மீற்றரால் அளந்து 5 வோல்ற்றுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

அடுத்தது ஏர்த். கிற்றாரின் கம்பிகள் வயர் வழியாக அம்பின் சேசியோடு இணைந்திருக்கின்றன. சேசியில் லைன் பட்டால் வாசிப்பவரின் விரலில் பட்ட மாதிரி. ஆகவே பழைய இரண்டு வயர் கோட்டை எறிந்துவிட்டு, மூன்று வயர் கோட் போட்டு, ஏர்த் வயரைத் தனியான ஒரு போல்ட்டில் சேசியோடு இறுக்குங்கள். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு ஏர்த் கம்பிதான் இருக்கும். ஆடி, ஆவணி வறட்சியில் மண் காய்ந்து போக அந்தக் கம்பியின் தடை ஏறும். மணல் தரையில் இன்னும் மோசம். கோடையில் கம்பியடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், வயரிங் தெரிந்தவரைக் கொண்டு ஒருமுறை அளந்து பாருங்கள். ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ற் பட்டனை அமத்தினால் விழுகிறது என்பது ஏர்த் நல்லது என்பதற்கு அடையாளம் அல்ல. அந்தப் பட்டன் ஏர்த்தைச் சோதிப்பதே இல்லை.

எந்த ரேடியோ உதவும்?

வால்வின் மேல் எழுதியிருக்கும் முதல் எழுத்தைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் அது ஹீற்றரை, அதாவது வால்வைச் சூடாக்கும் இழையை, சொல்லும். ‘ஈ’ என்றால் 6.3 வோல்ற், நமக்கு வேண்டியது இதுதான். ‘டி’ என்றால் 1.4 வோல்ற். கரண்ட் இல்லாத ஊர்களில் உலர் பற்றரியில் ஓடிய செட்களில் டிகே96, டிஎல்96 மாதிரி வால்வுகள் இருக்கும். அவை மெல்லிய இழையும் சிறிய சக்தியும் கொண்டவை, இந்த வேலைக்கு ஆகாது. ‘யூ’ என்றால் 100 மில்லி அம்பியர் ஹீற்றர்கள் வரிசையாக இணைக்கப்பட்டு நேரடியாக மெயின்ஸில் ஓடும் செட். யூஎல்84, யூவை85 என்று கண்டால் அந்த ரேடியோவை அம்பாக மாற்ற நினைக்கவே வேண்டாம். அதில் மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர் இல்லை, சேசியே மெயின்ஸின் ஒரு வயரோடு தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் போதும், கிற்றார் கம்பியில் 230 வோல்ற் நிற்கும்.

இரண்டாம், மூன்றாம் எழுத்துகள் வால்வின் வகை. ‘எல்’ பவர் வால்வு, ‘சி’ மூன்று மின்வாய் உள்ள ட்ரையோட், ‘இசட்’ முழு அலை ரெக்ரிபயர். ஆக ஈஎல்84 உம் ஈஇசட்80 உம் சேர்ந்து இருக்கும் செட் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஈசிஎல்82 உள்ள பழைய ரெக்கோட் பிளேயரும் நல்லது, ஒரே கண்ணாடிக்குள் ட்ரையோட்டும் பவர் வால்வும் அதில் இருக்கும். ஆனால் முதல் வேலைக்கு நான் ஈஎல்84ஐத்தான் சொல்வேன். இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், உடைந்தால் மாற்று உண்டு.

ட்ரான்ஸ்போமர் இருப்பதாகத் தெரிந்தாலும் சோதியுங்கள். பிளக்கைக் கழற்றி வைத்து, சுவிட்ச்சைப் போட்ட நிலையில், பிளக்கின் லைன், நியூட்ரல் பின்களுக்கும் சேசிக்கும் இடையில் தடையை அளவுங்கள். மீற்றர் அசையக் கூடாது. சில செட்களில் ஒரே சுற்றைப் பகிரும் ஓட்டோ ட்ரான்ஸ்போமர் இருக்கும், அது இந்தச் சோதனையில் பிடிபடும். பழைய இன்சுலேஷன் குறைந்த அழுத்தத்தில் நல்லதாகக் காட்டி உயர் அழுத்தத்தில் ஒழுகலாம், அதனால் வயரிங்காரரிடம் இருக்கும் 500 வோல்ற்றில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரால் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ரேடியோவிலிருந்து எடுப்பவை: மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர், அவுட்புட் ட்ரான்ஸ்போமர், இரண்டு வால்வுகள், சொக்கற்கள். கண்டென்சர் ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். எலெக்ட்ரோலிட்டிக் காய்ந்திருக்கும், மெழுகுக் கடதாசிக் கண்டென்சர் நேர்மின்னழுத்தத்தைக் கசிய விடும். அந்தக் கசிவு பவர் வால்வின் கிறிட்டுக்கு (சைகை நுழையும் வலை) போனால் வால்வு சிவந்து எரியும்.

மற்றப் பாகங்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். போகிற ஒருவரிடம் பட்டியல் கொடுத்து விடலாம். கிற்றாருக்கென்று சேர்க்கும் அந்தச் சிறிய வால்வுதான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்: ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோட் உள்ள ஈசிசி83. அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள், முதல் அம்புக்கு மலிவானது போதும்.

சோல்டருக்கு முன்னால் தாள்

வரிசை இது. கிற்றார் ஜாக், 1 மெகா ஓம் ரெசிஸ்டர் சேசிக்கு, 68 கிலோ ஓம் வழியாக ஈசிசி83இன் முதல் பாதியின் கிறிட். அனோட்டில் (எலெக்ட்ரோன் போய்ச் சேரும் தகடு) 100 கிலோ ஓம், கதோட்டில் (எலெக்ட்ரோன் புறப்படும் இடம்) 1.5 கிலோ ஓம். அங்கிருந்து 0.022 மைக்ரோபரட் வழியாக 1 மெகா ஓம் வொலியூம். பிறகு அதே வால்வின் இரண்டாம் பாதி, அதே மதிப்புகள். இன்னொரு 0.022, பிறகு ஈஎல்84இன் கிறிட், 470 கிலோ ஓம் சேசிக்கு. ஈஎல்84இன் கதோட்டில் 180 ஓம், 3 வாற், அதற்குக் குறுக்கே 100 மைக்ரோபரட், 25 வோல்ற். இணைக்கும் கண்டென்சர்கள் 400 வோல்ற்றுக்குக் குறையாமல் இருக்கட்டும். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் அரை வாற்றாவது வேண்டும். சூட்டுக்காக அல்ல, சின்ன ரெசிஸ்டர்கள் பல 250 வோல்ற்றுக்கு மேல் தாங்க மாட்டா.

இனிக் கணக்கு. ஈசிசி83இன் பெருக்கக் காரணி 100, உள் தடை ஏறக்குறைய 62.5 கிலோ ஓம். 100 கிலோ ஓம் சுமையோடு ஒரு பாதியின் பெருக்கம் 100 × 100 ÷ 162.5, அதாவது 61. அடுத்த நிலையின் சுமையும் சேர்ந்தால் 55 அளவில் நிற்கும். கதோட் ரெசிஸ்டருக்குக் குறுக்கே கண்டென்சர் இல்லாவிட்டால் அது பாதியாகி 30க்குப் பக்கத்தில் வரும். இந்த ஒரு உண்மையை வைத்தே அரைவாசி மாற்றங்களைச் செய்யலாம், பின்னால் வருகிறேன்.

கிற்றார் பிக்கப்பிலிருந்து 0.1 வோல்ற் வருகிறது என்று வையுங்கள். முதல் பாதியில், கதோட் கண்டென்சரோடு, 55 மடங்கு, 5.5 வோல்ற். வொலியூமை நடுவில் வைத்தால் தொடக்கத்தில் மெதுவாக ஏறும் லொக் வகைப் பொட்டில் பத்தில் ஒரு பங்குதான் போகும், 0.55 வோல்ற். இரண்டாம் பாதியைக் கதோட் கண்டென்சர் இல்லாமல் விட்டால் 28 மடங்கு, 15 வோல்ற். ஈஎல்84ஐ முழுதாக ஓட்ட உச்சத்தில் 7 அல்லது 8 வோல்ற் போதும். அப்படியென்றால் வொலியூம் பாதிக்கு வருவதற்குள்ளேயே ஒலி உடையத் தொடங்கும். இது கிற்றாருக்கு நல்லது: மெதுவாகத் தட்டினால் தெளிவு, அழுத்தி அடித்தால் கரகரப்பு. தேவாலயத்தில் பாடல் குழுவோடு வாசிப்பதற்குத் தெளிவான ஒலிதான் வேண்டுமென்றால் முதல் பாதியின் கதோட் கண்டென்சரையும் விட்டுவிடுங்கள்.

மின்சாரப் பகுதியில் ஈஇசட்80இன் பின் 47 மைக்ரோபரட். அந்த வால்வுக்கு 50க்கு மேல் போடக்கூடாது, ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் இழுக்கும் கரண்ட் அதைத் தின்றுவிடும். இந்த முதல் கண்டென்சரிலிருந்து அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்கு. பிறகு 1 கிலோ ஓம், 47 மைக்ரோபரட், அங்கிருந்து ஈஎல்84இன் ஸ்கிறீன் கிறிட்டுக்கு (அதன் இரண்டாவது வலை). பிறகு 15 கிலோ ஓம், 22 மைக்ரோபரட், அங்கிருந்து ஈசிசி83க்கு. அனோட்டுக்கு ஏன் அலைவு மிச்சமிருக்கும் சுத்தமில்லாத இடத்திலிருந்து கொடுக்கிறோம் என்று கேட்பீர்கள். ஈஎல்84 மாதிரி ஐந்து மின்வாய் உள்ள பென்ரோட் வகை வால்வில் அனோட் அழுத்தம் சற்று ஆடினாலும் கரண்ட் அவ்வளவாக மாறாது, அதைத் தீர்மானிப்பது ஸ்கிறீன். ஸ்கிறீனைச் சுத்தமாக வைத்தால் போதும்.

அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கானது என்று தெரியாவிட்டால், தனியே கழற்றி, சிறிய ட்ரான்ஸ்போமர் ஒன்றிலிருந்து 12 வோல்ற் ஆடலோட்டத்தை அதன் பெரிய சுற்றுக்குக் கொடுத்து, சிறிய சுற்றில் அளவுங்கள். திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், நூற்றுக்கணக்கான வோல்ற் வெளியே வரும். 0.33 வோல்ற் வந்தால் விகிதம் 36. அதன் வர்க்கம் 1,296. 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்கு 5,184 ஓம்மாகத் தெரியும். ஈஎல்84 கேட்பது 5,200. சரியாகப் பொருந்துகிறது. 4 ஓம் ஸ்பீக்கர் அகப்படாவிட்டால் 8 ஓம் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம். ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் ஒருபோதும் வாசிக்காதீர்கள். சுமை இல்லாதபோது பெரிய சுற்றில் அழுத்தம் ஏறி ட்ரான்ஸ்போமரின் இன்சுலேஷனையே உடைக்கும்.

கட்டுவது

அலுமினியம் கதவு, ஜன்னல் செய்யும் கடையில் 2 மில்லிமீற்றர் தகடு வெட்டுத்துண்டு கேளுங்கள். மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர் ஒரு மூலை, அவுட்புட் ட்ரான்ஸ்போமர் அதற்கு மறுமூலை, ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பி. கிற்றார் ஜாக் மெயின்ஸிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. லைன் வயர் முதலில் 500 மில்லி அம்பியர் பியூஸுக்கு, பிறகு சுவிட்ச்சுக்கு.

ஹீற்றர் வயர்களை முறுக்கி, சேசியின் மூலையோடு ஒட்டிக் கொண்டு போங்கள். ஈசிசி83இல் 4ஆம், 5ஆம் பின்களைச் சேர்த்து ஒரு வயர், 9ஆம் பின்னுக்கு மற்ற வயர். ஈஎல்84இல் 4 உம் 5 உம். ரேடியோவில் ஹீற்றரின் ஒரு முனையைச் சேசியில் அடித்திருப்பார்கள். அதைக் கழற்றி, இரண்டு முனைகளிலிருந்தும் தலா 100 ஓம் ரெசிஸ்டரைச் சேசிக்குப் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் உறுமல் பெரிதும் குறையும்.

பெட்டிக்கு முதிரை, பாலை என்று போகாதீர்கள், தூக்க முடியாது. 18 மில்லிமீற்றர் பிளைவூட் போதும். பின்பக்கத்தைத் திறந்து விட்டு நுண்ணிய கம்பி வலை அடியுங்கள். சூட்டுக்குப் பல்லியும் எறும்பும் தேடி வரும், உயர் அழுத்தப் பின்களுக்கு நடுவில் ஒரு பல்லி செத்தால் வால்வோடு ட்ரான்ஸ்போமரும் போகலாம்.

முதல் கரண்ட்

60 வாற் பழைய வகைக் குண்டு பல்பு ஒன்றை லைன் வயரில் தொடராக இணைத்து ஒரு சோதனைப் பலகை செய்யுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு கடைகளில் அருகிக்கொண்டு போகிறது, கண்டால் இரண்டை வாங்கி வையுங்கள். வால்வுகள் இல்லாமல் கரண்ட் கொடுத்தால் பல்பு ஒருமுறை மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ சோர்ட், உடனே நிறுத்துங்கள்.

அடுத்து ரெக்ரிபயரையும் ஈசிசி83ஐயும் மட்டும் போட்டு, ஈஎல்84இன் கிறிட் பின்னில், அதாவது 2ஆம் பின்னில், நேர்மின்னழுத்தம் அளவுங்கள். பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வோல்ற் இருந்தாலும் இணைப்புக் கண்டென்சர் கசிகிறது, மாற்றுங்கள். சரி என்றால் ஸ்பீக்கரை மாட்டி, ஈஎல்84ஐப் போட்டு, பல்பைக் கழற்றி நேரடிக் கரண்ட்டில் எல்லாவற்றையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள்.

ஈசிசி83இன் வழங்கல் 230 வோல்ற் அளவில் இருந்தால், அனோட்டுகள் 140 முதல் 160, கதோட்டுகள் 1.1 முதல் 1.3. முக்கியமானது ஈஎல்84. கதோட்டில் 8.1 வோல்ற் என்று வையுங்கள். 180 ஓம்மால் வகுத்தால் 45 மில்லி அம்பியர். அதில் பத்தில் ஒன்று ஸ்கிறீனுக்குப் போகும், அனோட்டுக்கு 40.5. அனோட்டில் 248 வோல்ற், கதோட்டின் 8ஐக் கழித்தால் 240. பெருக்கினால் 9.7 வாற். இந்த வால்வின் எல்லை 12 வாற். நல்ல இடத்தில் இருக்கிறது. 12ஐத் தாண்டினால் 180ஐ எடுத்து 220 போடுங்கள். விளக்கை அணைத்து இருட்டில் பாருங்கள், உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்கக் கூடாது.

ஹீற்றரையும் மறக்காமல் அளவுங்கள். ரேடியோவில் நாலைந்து வால்வுக்குக் கொடுத்த சுற்று இப்போது குறைந்த சுமையோடு இருப்பதால் அழுத்தம் ஏறியிருக்கும். அந்தக் காலத்து ட்ரான்ஸ்போமர் 220 வோல்ற்றுக்குச் சுற்றியதாகவும் இருக்கலாம். நம் வழங்கல் 230, அதில் 6 வீதம் கூடக் குறைய அனுமதி, ஆக 244 வரை வரலாம். 6.3 வோல்ற் ஹீற்றர் 6.9ஐத் தாண்டினால் வால்வின் ஆயுள் குறையும். 0.22 ஓம், 2 வாற் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் 1 அம்பியருக்கு 0.22 வோல்ற் இறங்கும். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலையில் ஒரு அளவும் நள்ளிரவில் ஒரு அளவும் வரும், இரண்டு நேரமும் எழுதுங்கள்.

உறுமல் கேட்டால்

உறுமலின் சுருதியே காரணத்தைச் சொல்லும். 50 ஹேர்ட்ஸ் ஆழமான உறுமல் என்றால் ஹீற்றர் வயரிங், அல்லது மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர் பக்கத்தில் ஓடும் கிறிட் வயர். 100 ஹேர்ட்ஸ் என்றால் பில்டர் போதாது, அல்லது சேசி இணைப்பு தவறான இடத்தில். வொலியூமைக் குறைக்க உறுமல் குறைந்தால் காரணம் முதல் பாதியில், குறையாவிட்டால் அதற்குப் பின்னால். கிற்றாரைத் தொட்டால் நின்று, விட்டால் வருகிறதென்றால் அது அம்பின் குறை அல்ல, கிற்றாருக்குள் ஷீல்டிங் போதாது.

இனி மாற்றங்கள்

1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் பிறந்த முதல் அம்ப், அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ்மன் அம்பின் 5எஃப்6-ஏ சர்க்கிட்டைப் பார்த்துச் செய்தது. பெருக்கக் காரணி 44 உள்ள 12ஏவை7 இருந்த முதல் இடத்தில் 100 உள்ள ஈசிசி83, நாலு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள திறந்த பெட்டிக்குப் பதில் நாலு 12 அங்குலம் உள்ள மூடிய பெட்டி, இன்னும் சில சின்ன வேறுபாடுகள். அதிலிருந்து ராக் இசைக்கே வேறொரு குரல் வந்தது. பெரிய மாற்றத்துக்குப் பெரிய வேலை வேண்டியதில்லை.

முதலில் கதோட் கண்டென்சர். 159,155ஐ ஓம் அளவாலும் மைக்ரோபரட் அளவாலும் வகுத்தால் மீடிறன் ஹேர்ட்ஸில் வரும். 1.5 கிலோ ஓம்முக்குக் குறுக்கே 22 மைக்ரோபரட் போட்டால் 5 ஹேர்ட்ஸ், கிற்றாரின் எல்லாச் சுரத்துக்கும் முழுப் பெருக்கம். 0.68 போட்டால் 156 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே பெருக்கம் பாதி, 300க்கு மேலே முழுதும். கிற்றாரின் அடிக்கம்பி 82 ஹேர்ட்ஸ், ஆகவே அடி இறுகி நடுப்பகுதி முன்னால் வரும். ஒலியை உடைத்து வாசிப்பவர்களுக்கு 0.68தான் என் தேர்வு. 22ஐப் போட்டு உடைத்தால் அடிக்கம்பிகள் ஒன்றோடொன்று குழம்பும். இரண்டையும் ஒரு சிறிய சுவிட்ச்சில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இணைப்புக் கண்டென்சரும் அதே கணக்கு. ஈஎல்84க்கு முன்னால் 0.022 உம் 470 கிலோ ஓம்மும் 15 ஹேர்ட்ஸ். 0.0047 போட்டால் 72. சிறிய ரேடியோ ட்ரான்ஸ்போமரால் அடிச்சுரத்தைத் தாங்க முடியாது, அதைத் தேவையில்லாமல் அங்கே அனுப்பாமல் இருந்தால் மீதி ஒலி தெளியும். பேஸ் கிற்றாருக்கு இந்த அம்ப் சரிவராது என்பதையும் இதே காரணத்துக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பின்னூட்டல், அதாவது வெளியே வரும் சைகையில் ஒரு சிறு பங்கைத் திருப்பி உள்ளே கொடுப்பது, இன்னொரு நல்ல இடம். ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக இரண்டாம் பாதியின் கதோட்டுக்கு ஒரு வயர், ஸ்பீக்கரின் மற்ற முனை சேசிக்கு. ஒலி சற்றுக் குறைந்து, சீராகி, உடையும் இடம் பின்னுக்குப் போகும். மாட்டியதும் கீச்சென்று கத்தினால் ட்ரான்ஸ்போமரின் சிறிய சுற்று முனைகளை இடம் மாற்றுங்கள். இதற்கும் ஒரு சுவிட்ச் வைத்தால் ஒரே பெட்டியில் இரண்டு குணம் கிடைக்கும்.

பெருக்கம் கூடிவிட்டது என்று தோன்றினால் சோல்டர் தேவையே இல்லை. ஈசிசி83ஐ எடுத்து அதே சொக்கற்றில் 12ஏடி7ஐச் செருகுங்கள். அதன் பெருக்கக் காரணி 60, பின்கள் ஒன்றே.

விலை கூடிய கண்டென்சர், வெள்ளி வயர் என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குப் போடுங்கள். 1 வாற்றுக்கு 1 மீற்றரில் 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கரும் 91 தருவதும் ஒரே அம்பில் 6 டெசிபெல் வேறுபடும். அது அம்பின் சக்தியை நாலு மடங்காக்கியதற்குச் சமம். 5 வாற் அம்ப் ஒரு சின்ன மண்டபத்தை நிரப்புமா என்பதை ஸ்பீக்கர்தான் தீர்மானிக்கும்.

திருவிழா மேடையில் ஜெனரேற்றரில் ஓட்டுவதென்றால் முதலில் வோல்ற்றை அளவுங்கள், ஏர்த் எங்கே போகிறது என்று பாருங்கள். சூரியத் தகட்டோடு வரும் மலிவான இன்வேட்டர்கள் சதுர அலை தருபவை. அதில் ட்ரான்ஸ்போமர் இரையும், உயர் அழுத்தமும் நீங்கள் எழுதிய அளவில் இருக்காது. சைன் அலை இன்வேட்டரே வேண்டும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி தொடங்க முன்னரே பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள், சுவிட்ச்சை அணைப்பது மின்னலுக்குப் போதாது.

எல்லாம் முடிந்ததும் சர்க்கிட் படத்தை நீங்கள் கடைசியாக வைத்த மதிப்புகளோடு சுத்தமாக வரைந்து, அளந்த வோல்ற்றுகளையும் தேதியையும் எழுதி, பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். மூடிக்கு வெளியே ‘உள்ளே 300 வோல்ற்’ என்று பெரிதாக எழுதுங்கள்.